சூசை பிடித்திருந்த மூங்கில்

போன வாரம் தபாலில் ஒரு விழா மலர் வந்தது. காரைக்கால் தீயணைப்பு நிலையத்துப் பிள்ளைகளும் ஆம்புலன்ஸ் ஊழியர்களும் சேர்ந்து போட்டது. நடுப்பக்கத்தில் என் படம். வழுக்கை தெரியாத பழைய படமாகத் தேடிப் போட்டிருக்கிறார்கள், அவர்கள் நன்றாக இருக்கட்டும். படத்துக்குக் கீழே, உடம்பில் குத்தி நிற்பதைப் பிடுங்காதே என்ற பாடத்தை நம் ஊருக்கு முதன்முதலில் கற்றுத்தந்த இதய அறுவை மருத்துவர் என்று ஒரு வரி.

அந்த வரி தப்பு. வயதான மனுஷனைக் கொஞ்சம் தூக்கி வைத்து எழுதுகிற வழக்கமான தப்பாக இருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். இது தலைகீழான தப்பு. அதனால்தான் இந்தக் கட்டுரை. அடுத்த மலரில் எங்காவது மூலையில் போட்டுக்கொள்ளட்டும்.

என் வாப்பாவுக்குச் சைகோனில் துணிக்கடை. நான் கல்லாவில் உட்காருவேன் என்று எதிர்பார்த்தார். நான் புதுச்சேரிக்குப் போய் மருத்துவம் படித்துவிட்டு, ஐம்பதுகளின் தொடக்கத்தில் சொந்த ஊர் ஆஸ்பத்திரிக்கே உதவி மருத்துவனாக வந்து சேர்ந்தேன். அப்போது காரைக்காலில் பிரெஞ்சுக் கொடிதான் பறந்துகொண்டிருந்தது. எனக்குப் பிரெஞ்சில் மருந்து எழுதத் தெரியும். நோயாளியிடம் தமிழில் நாலு வார்த்தை ஆறுதலாகப் பேசத் தெரியாது. தலைக்கனம் மட்டும் ஏராளம்.

ஆஸ்பத்திரித் தலைவர் டாக்டர் மரியதாஸ். புதுச்சேரிக் கத்தோலிக்கர். பிரெஞ்சுப் படையோடு கப்பலேறிப் போய், பல யுத்தகளங்களில் கத்தி பிடித்துவிட்டுத் திரும்பியவர். ஊரே அவரைப் பெரிய டாக்டர் என்றுதான் சொல்லும். ஒல்லியான ஆள். குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. வார்டு பெருக்குகிற ஆளைக்கூட நீங்க என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருக்கும், இருந்தாலும் துடைத்துக்கொண்டே இருப்பார். அவர் அதைத் திரும்ப மாட்டிக்கொள்கிற வரைக்கும் யாரும் நின்ற இடத்தை விட்டு நகர மாட்டோம்.

அவரிடம் இரண்டு பழக்கங்கள். கத்தி வைப்பதற்கு முன்னால் மேசையைச் சுற்றி நிற்கும் ஒவ்வொருவரும் தன் வேலை என்னவென்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "உங்க வேலை என்னங்க?" என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கேட்பார். "ஈதர் கொடுக்கறது", "விளக்கு பிடிக்கறது", "நூல் எடுத்துத் தர்றது" என்று வரிசையாகப் பதில் வரும். யாராவது இழுத்தால் தொடங்க மாட்டார். புதுச்சேரியில் படித்தவனுக்கு இது சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் மாதிரி இருந்தது. என் முறை வந்தால் வேண்டாவெறுப்பாக முணுமுணுப்பேன்.

இன்னொன்று, ஆஸ்பத்திரி ரிஜிஸ்தர். அதில் எழுதியதை அடிக்கக் கூடாது. தப்பாக எழுதியிருந்தால் அதைத் தொடாமல் விட்டு, அதற்குக் கீழே சரியானதை எழுதித் தேதி போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருமுறை ஒரு நோயாளியின் வயதை அடித்துத் திருத்திவிட்டேன். "எதை ஒளிக்கறீங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அன்றைக்கெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தீயணைப்பு ஆட்களை அப்போது ஊரில் பொம்பியே என்று பிரெஞ்சுப் பேரால் சொல்வார்கள். தள்ளுவண்டியில் ஒரு கைப்பம்பு, தோல் வாளிகள், நீளக் கழியில் மாட்டிய இரும்புக் கொக்கி, இவ்வளவுதான் அவர்களின் ஆயுதம். எங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தூக்கி வர ஒரு பழைய வேனும், ஸ்ட்ரெச்சர் தூக்க இரண்டு பேரும் இருந்தார்கள். அந்த இருவரில் ஒருவர் சூசை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அகலமான கை, அதிகம் பேசாத வாய். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு தடவை காதில் விழுந்தால் மறக்க மாட்டார்.

பொம்பியேகளுக்கும் தூக்குகிறவர்களுக்கும் சேர்த்து முதலுதவி வகுப்பு எடுக்கும்படி பெரிய டாக்டர் என்னிடம் சொன்னார். ஆஸ்பத்திரி முற்றத்தில் ஒரு வேப்பமர நிழலில் நின்று எடுத்தேன். காயங்கள் பற்றிய பாடம் வந்தது. முள், கண்ணாடி, கிளிஞ்சல் என்று வழக்கமாக வருகிற காயங்கள்தான் என் மனதில் இருந்தன. "காயத்தில் எது இருந்தாலும் முதலில் எடு. கழுவு. இறுக்கிக் கட்டு" என்று சொன்னேன். அதோடு விட்டிருந்தால் சிலர் மறந்தாவது போயிருப்பார்கள். நான் விடவில்லை. எழுந்து நின்று ஒவ்வொருவராகத் திருப்பிச் சொல்ல வைத்தேன். சூசை ஒரு சொல் பிசகாமல் சொன்னார். கட்டுப் போடுவதிலும் அவர்தான் முதல். மற்றவர்களிடம் அவர் போட்ட கட்டைக் காட்டி, இப்படிப் போட வேண்டும் என்றேன்.

சில மாதம் கழித்து ஒரு காலையில் பக்கத்து மீனவ ஊரான திருவேட்டக்குடியிலிருந்து ஆள் ஓடி வந்தது. முரல் மீனைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒடிசலான மீன், மூக்கு மட்டும் ஊசி மாதிரி நீண்டிருக்கும். மிரண்டால் தண்ணீரை விட்டு எகிறிப் பாயும். கட்டுமரத்தில் நின்றிருந்த சிங்காரம் என்பவரின் நெஞ்சில், மார்பெலும்புக்கு இடது பக்கமாக, அது பாய்ந்துவிட்டது. அவருடைய அண்ணன் ஆறுமுகம் கத்தியால் மீனின் உடம்பை மட்டும் அறுத்துப் போட்டுவிட்டு, மூக்கை அப்படியே நெஞ்சில் விட்டுக் கரை சேர்த்திருக்கிறார். சூசையும் வேன் ஓட்டுபவரும் போனார்கள்.

கரையில் நடந்ததைப் பிற்பாடு பலர் வாயாலும் கேட்டேன். சூசை அந்த மூக்கைப் பிடிக்கப் போனதும் ஆறுமுகம் கையைத் தட்டிவிட்டிருக்கிறார்.

"பிடுங்காதீங்க. முரல் குத்தினா பிடுங்கக் கூடாதுங்க. எங்க கரையில அப்படித்தான். அது அடைச்சுக்கிட்டு நிக்கிற வரைக்கும்தான் உசுரு."

"டாக்டர் சொல்லியிருக்காங்கப்பா. எது இருந்தாலும் முதல்ல எடுத்துடணும்."

டாக்டர் என்ற சொல்லுக்கு முன்னால் ஆறுமுகம் கையை எடுத்துக்கொண்டார். சூசை பிடுங்கினார், கழுவினார், கட்டினார்.

வேன் வந்து நின்றபோது நான் வாசலில் நின்றேன். சிங்காரத்துக்கு முப்பது வயதுகூட இருக்காது. கழுத்து நரம்புகள் விரல் தடிமனுக்குப் புடைத்திருந்தன. முகம் சாம்பல் நிறம். நாடி கைக்கு எட்டவில்லை. படியேற்றுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. நெஞ்சில் போட்டிருந்த கட்டை இப்போது நினைத்தாலும் கண்ணில் நிற்கிறது. வகுப்பில் காட்டியது போலவே, மடிப்புக் கலையாமல், அத்தனை அழகாக இருந்தது. அதில் ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை. ரத்தம் வெளியே வரவில்லை. இதயத்தைச் சுற்றியிருக்கும் உறைக்குள் இறங்கித் தேங்கி, இதயத்தைத் துடிக்க விடாமல் நெரித்துவிட்டது.

"எவன் பிடுங்கச் சொன்னது உன்னை?" என்று நான் அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன்.

சூசை என்னைப் பார்த்தார். "நான்தாங்க பிடுங்கினேன்" என்றார். யார் சொன்னது என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லவே இல்லை.

அன்று மாலை பெரிய டாக்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "வகுப்பில என்ன சொல்லிக் குடுத்தீங்க?"

"ஆழமான காயத்தைத் தொடக் கூடாதுன்னுதான் சொன்னேன்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். மாட்டிக்கொண்டு, "சரி" என்றார்.

ரிஜிஸ்தரில் பிரெஞ்சில் எழுதினேன். தூக்கி வந்தவர் அறியாமையால் பொருளைப் பிடுங்கியதால் நோயாளி இறந்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு வரியால் சூசையை வேனிலிருந்து எடுத்துத் துணி அவிக்கிற கொப்பரைக்கு மாற்றினார்கள். விசாரிக்க வந்த அதிகாரியிடமும் அவர் என்னைக் கைகாட்டவில்லை. எனக்காகத் தியாகம் செய்கிறாரோ என்றுகூட நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அப்படி எதுவும் இல்லை. டாக்டர் தப்பாகச் சொல்லியிருக்க மாட்டார், நாம்தான் பாடத்தைச் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை என்று அந்த மனுஷன் உண்மையாகவே நம்பிவிட்டார். அதைத் தெரிந்துகொண்ட பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. வேலை போய்விடும் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. இரண்டு மாதத்தில் சூசை ஆஸ்பத்திரியை விட்டுவிட்டுப் பொம்பியேகளோடு பம்பு அடிக்கப் போய்விட்டார்.

கொடி மாறியது. புதிய அரசு வந்ததும் வடக்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நெஞ்சறுவை பழக ஓர் ஆளை அனுப்பக் கேட்டார்கள். நான் முந்திக்கொண்டு கையைத் தூக்கினேன். சிங்காரத்தின் நெஞ்சில் ரத்தமே படாமலிருந்த கட்டுதான் என்னைத் துரத்தியது என்று இப்போது சொல்லலாம். அப்போது எல்லோரிடமும் மேல்படிப்பு ஆசை என்றுதான் சொன்னேன். ஒன்றரை வருஷம் இருந்தேன். விலாவைத் திறக்கவும், மூச்சுக்குழாயில் ரப்பர் குழாய் இறக்கி, நெஞ்சு திறந்திருக்கும்போதும் பையை அமுக்கி நுரையீரலை ஊத வைக்கவும், துடிக்கிற இதயத்தில் தையல் போடவும் கற்றேன். திரும்பும்போது அந்த ரப்பர் குழாயும் பையும் ஒரு செட் கேட்டு வாங்கி வந்தேன்.

திரும்பி வந்த அடுத்த வருஷம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். திருநள்ளாற்றில் கோயிலுக்கு வருகிற கூட்டத்துக்காகப் போட்டிருந்த கீற்றுக் கொட்டகைக் கடைகளில் தீப் பிடித்தது. கீற்றில் தீப் பிடித்தால் தண்ணீரால் பிடிக்க முடியாது. அடுத்த கொட்டகையின் கூரையைக் கொக்கியால் இழுத்துத் தள்ளி, தீ தாவ முடியாமல் இடைவெளி விட வேண்டும். கொக்கி பிடிப்பவர் கலியபெருமாள். நிலையத்திலேயே கெட்டிக்காரர், சிரித்த முகம், கல்யாணமாகி ஒரு வருஷம். அவர் இழுத்த கூரை பொசுக்கென்று சரிந்தது. பிளந்த கூரை மூங்கில் ஒன்று கூராக வந்து இடது மார்பில் இறங்கியது.

ஓடி வந்தவர்கள் மூங்கிலில் கை வைத்தார்கள். "தொடாதே" என்று ஒரு குரல் கேட்டதாம். பேசாத சூசை அன்றைக்குப் போட்ட சத்தத்தில் எல்லோரும் விலகிவிட்டார்கள். அவர் மண்டியிட்டு உட்கார்ந்து, மூங்கில் தோலைத் தொடுகிற இடத்தில் இரண்டு கையாலும் பிடித்தார். வெளியே நீண்டிருந்த பாகத்தை இன்னொருவர் ரம்பத்தால் அறுத்தார். பிறகு கலியபெருமாளைச் சாய்வாக உட்கார்த்தி ஆஸ்பத்திரி வேனில் ஏற்றினார்கள். சூசையும் பிடித்த கையோடு ஏறினார். திருநள்ளாற்று ரோடு எப்படியிருந்தது என்பது அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். வழியெல்லாம் வேன் குலுங்கியது, அவர் கை மட்டும் நெஞ்சோடு சேர்ந்து போனது.

நான் வேன் கதவைத் திறந்தபோது சூசை என்னைப் பார்த்து, "துடிக்குதுங்க" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. குனிந்து பார்த்தேன். அவர் விரல்களுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த மூங்கில் நுனி, கலியபெருமாளின் ஒவ்வொரு இதயத்துடிப்புக்கும் ஒரு நூல் அளவு ஆடியது. அடிமுனை இதயத்துக்குள் இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. கழுத்து நரம்பு புடைக்கத் தொடங்கியிருந்தது. ஆனால் நாடி கிடைத்தது. சிங்காரத்திடம் கிடைக்காத நாடி.

பெரிய டாக்டர் வந்து பார்த்தார். "நெஞ்சு உங்க வேலை. நீங்க வெட்டுங்க. நான் விலாவை விரிச்சுப் பிடிக்கிறேன்" என்றார். முப்பது வருஷம் மேசையின் வலது பக்கத்தில் நின்றவர், பேசாமல் நடந்து இடது பக்கம் போய் நின்றார்.

ரத்தம் வேண்டும் என்றதும் பொம்பியேகள் புகைக்கரி படிந்த முகத்தோடு வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து கையை நீட்டினார்கள். சூசையின் கையை எடுக்க முடியாது. அதனால் அவர் கை இருந்த இடத்திலேயே முழங்கை வரை கழுவி, அயோடின் ஊற்றி, அவித்த துணியைச் சுற்றினோம். அவர் தலைக்கும் வாய்க்கும் துணி கட்டினோம். சிஸ்டர் ரோஸ் என்ற கன்னியாஸ்திரி ஈதர் கொடுத்து மயக்கிவிட்டு, நான் குழாய் இறக்கியதும் பையைக் கையில் வாங்கிக்கொண்டார்.

பெரிய டாக்டர் தொடங்கினார். "உங்க வேலை என்னங்க?"

"மூச்சுப் பை அமுக்கறது" என்றார் சிஸ்டர்.

சூசையிடம் வந்தார். "உங்க வேலை?"

"அசையாம பிடிச்சிருக்கறதுங்க."

"உங்க வேலை?" என்று என்னைக் கேட்டார். "தைக்கறது" என்றேன். பிஸ்மில்லாஹ் சொல்லிக் கத்தியை வைத்தேன். அன்றைக்கு நான் முணுமுணுக்கவில்லை.

மூங்கிலுக்குக் கீழே, விலாவுக்கும் விலாவுக்கும் நடுவில் கீறினேன். குருத்தெலும்புகள் இரண்டை வெட்டி விலக்கினேன். பெரிய டாக்டர் விரித்துப் பிடித்தார். இதய உறை நீலம் பாரித்து, தட்டினால் ஒலிக்கும்போல் விம்மியிருந்தது. மூங்கிலுக்குச் சற்றுத் தள்ளி அதைத் திறந்ததும் கட்டி ரத்தம் எகிறி வந்தது. இதயம் விடுபட்டுத் துள்ளியது. "நாடி நிறையுது" என்றார் சிஸ்டர். மூங்கில் முனை வலது கீழறையின் சுவருக்குள் ஒரு நக அளவு போயிருந்தது. ஓட்டையைப் போட்டதும் அதுதான், அடைத்துக்கொண்டிருந்ததும் அதுதான்.

இந்த இடத்தில் அவசரப்பட்டால் ஆள் இல்லை. மூங்கிலை எடுப்பதற்கு முன்னாலேயே அதன் இரண்டு பக்கமும் பட்டு நூலை இதயச் சுவரில் கோத்து, முடிச்சுப் போடாமல் தொங்கவிட வேண்டும். துடிக்கிற தசையில் ஊசி போடுவது, ஆடுகிற தொட்டிலில் இருக்கும் குழந்தைக்குப் பொட்டு வைப்பதைப் போல. அது விலகுகிற தாளத்தைப் பார்த்து, அது நம்மிடம் வருகிற நேரத்தில் வைக்க வேண்டும். நாலு நூல் கோத்தேன். நூல்களை இடது கையில் பிடித்துக்கொண்டேன். வலது ஆள்காட்டி விரலை மூங்கிலை ஒட்டி ஓட்டையின் விளிம்பில் வைத்தேன். மூங்கில் வெளியே போகிற கணத்தில் என் விரல் அந்த இடத்தை அடைக்க வேண்டும். பெரிய டாக்டரின் இரண்டு கையிலும் விலா. சிஸ்டரின் கையில் பை. மூங்கிலை எடுக்க ஒரே ஆள்தான் இருந்தார்.

"சூசை, இப்ப எடு. போன வழியிலேயே நேரா எடு."

அவர் அசையவில்லை.

"சூசை, எடு."

"மாட்டேங்க" என்றார். "நீங்க வேற யாரையாவது எடுக்கச் சொல்லுங்க. ஒரு தடவை எடுத்துட்டேங்க. நான் எடுத்தா செத்துடுவாங்க."

சிஸ்டர் பையை அமுக்கிக்கொண்டே இருந்தார். என் விரலுக்கடியில் கலியபெருமாளின் இதயம் இடித்துக்கொண்டிருந்தது. மூங்கில் விளிம்பில் ரத்தம் கசியத் தொடங்கியிருந்தது. அதட்டினால் எடுத்திருப்பார். ஆனால் நடுங்குகிற கையோடு கோணலாக எடுத்திருப்பார், கோணலாக எடுத்தால் சுவர் கிழியும். அந்தக் கைக்கு உறுதி வர வேண்டுமானால் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெரிய டாக்டர் ஒரு முழ தூரத்தில் நிற்கிறார்.

"சூசை, என்னைப் பாருங்க" என்றேன். அதுவரை அவரை நான் நீ என்றுதான் பேசிக்கொண்டிருந்தேன். "அன்னைக்கு உங்க மேல தப்பே இல்லை. எது இருந்தாலும் முதல்ல எடுன்னு வகுப்பில சொன்னது நான்தான். நீங்க சரியாத்தான் கேட்டீங்க, சரியாத்தான் செஞ்சீங்க. பெரிய டாக்டர் கேட்டப்ப, அப்படிச் சொல்லலைன்னு நான் பொய் சொன்னேன். ரிஜிஸ்தர்லயும் பொய் எழுதினேன். இன்னைக்கு எடுக்கச் சொல்றது சரி. என் விரல் தயாரா இருக்கு. எடுங்க."

நான் பெரிய டாக்டரைப் பார்க்கவில்லை. சூசையின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணில் தண்ணீர் கோத்தது. கை நடுக்கம் நின்றது. ஒரு மூச்சு இழுத்துப் பிடித்தார். வந்த வழியிலேயே, ஒரு மயிரிழை சாயாமல், மூங்கிலை எடுத்தார்.

விரலை வைத்தேன். சூடாக ஒரு பாய்ச்சல் முழங்கை வரை நனைத்தது, பிறகு நின்றது. விரலுக்கடியிலேயே ஒவ்வொரு நூலாக முடிந்தேன். நாலாவது முடிச்சுக்குப் பிறகு விரலை எடுத்தபோது கசிவு இல்லை. இதயம் அதுபாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று நான் சொன்னதும், சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டதும் ஒரே நேரத்தில் நடந்தன.

சூசையின் விரல்கள் விரியவில்லை. மூங்கில் துண்டை விட முடியாமல் அப்படியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். ஒரு சட்டியில் வெந்நீர் கொண்டுவந்து அவர் கையை அதில் வைத்து ஒவ்வொரு விரலாக நானே நீவிவிட்டேன். இரண்டு விரல் விரிந்த பிறகு கேட்டார்.

"அந்தத் திருவேட்டக்குடிக்காரரு... நான் பிடுங்காம இருந்திருந்தா பொழைச்சிருப்பாருங்களா?"

பொய் சொல்லி ஆறுதல் சொல்லலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. "தெரியாதுங்க. அன்னைக்கு எனக்கு இந்த வேலை தெரியாது. ஆனா ஆஸ்பத்திரிக்கு உசுரோட வந்திருப்பாரு. வந்திருந்தா பெரிய டாக்டர் ஏதாவது பண்ணியிருக்கலாம். அந்த வாய்ப்பைக் கெடுத்தது என் வாய்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. "தண்ணி ஆறிப்போச்சுங்க" என்றார். நான் எழுந்து போய் வேறு வெந்நீர் கொண்டுவந்தேன்.

பெரிய டாக்டர் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். என்னை வேலையை விட்டு அனுப்புவார் என்று தயாராகத்தான் போனேன். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

"பழைய ரிஜிஸ்தர் என் அலமாரியில இருக்கு. அடிக்காதீங்க. கீழ எழுதுங்க" என்றார். பிறகு, "தமிழ்லயும் எழுதுங்க. சூசைக்குப் படிச்சுக் காட்டணும்" என்றார்.

அந்த வகுப்பில் நான் என்ன சொன்னேன் என்று அவருக்கு முதலிலேயே தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. முற்றத்தில் நடந்த வகுப்பு, அவர் அறை ஜன்னல் அந்த முற்றத்தைப் பார்த்துத்தான். ஏன் அன்றைக்கே என் பொய்யை உடைக்கவில்லை, சூசையை ஏன் கொப்பரைக்கு அனுப்ப விட்டார் என்று நான் கேட்டதில்லை. அவரும் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு, இந்த ஒரு கேள்வியும் உண்டு.

எழுதினேன், சூசைக்குப் படித்தும் காட்டினேன். மறுவாரம் திருவேட்டக்குடிக்குப் போய் ஆறுமுகத்தைப் பார்த்தேன். அவர் வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "அன்னைக்கே சொன்னோமுங்க" என்றார். அவர் உட்காரச் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை. நின்றுவிட்டுத் திரும்பினேன்.

கலியபெருமாள் ஆறாவது வாரம் வீட்டுக்குப் போனார். கொக்கி பிடிக்க விடவில்லை, நிலையத்தில் மணி அடிக்கிற வேலை கொடுத்தார்கள். சூசை ஆஸ்பத்திரி வேனுக்கே திரும்பினார். அதன்பின் வேப்பமரத்தடி வகுப்பில் காயங்கள் பற்றிய பாடத்தை நான் எடுக்கவில்லை, அவர் எடுத்தார். ஒரு மூங்கில் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, தான் செய்த இரண்டையும் சொல்வார். மூச்சு முட்டுகிறவரைப் படுக்க வைக்காமல் நாற்காலியில் கழி கட்டித் தூக்கும் முறையும் அவர் யோசித்ததுதான். நான் பிற்பாடு சென்னைக்குப் போய், இதயத்துக்குள் விரலை விட்டு வால்வைத் திறந்த காலம், இயந்திரம் வைத்து இதயத்தை நிறுத்தித் தைத்த காலம் என்று இரண்டையும் பார்த்துவிட்டேன். வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்து தீயணைப்பு ஆட்களின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்ப்பதை மட்டும் விடவில்லை. அதற்காகத்தான் இந்தப் பிள்ளைகள் என் படத்தைப் போட்டிருக்கிறார்கள் என்று தெரியும். அந்த அன்பு எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் படத்துக்குக் கீழே இருக்கும் வரியை இனி யாரும் அடிக்க வேண்டாம். அச்சானது அப்படியே இருக்கட்டும். அதற்குக் கீழே இதைச் சேர்த்துவிடுங்கள்.

பிடுங்காதே என்று நம் ஊரில் எங்களுக்கு முதலில் சொன்னவர் திருவேட்டக்குடி ஆறுமுகம். அவர் தம்பியின் நெஞ்சிலிருந்து பிடுங்கச் சொன்னவன் நான். பிடுங்காதே என்பதை ஊருக்குக் கற்றுத்தந்தவர் சூசை, எழுதப் படிக்கத் தெரியாதவர், அதனால் இதை எழுதிக் கையெழுத்துப் போடுவது நான்.